இறுக்கி மூடிய பாசிக் குடுவை

வாவிக்கரையில் உள்ள ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்துக்கு வெள்ளச் சேதம் பதியப் போயிருந்தேன். அங்கே ஒருவர் மட்டுமே இருந்தார். இறால் குஞ்சுகளுக்குத் தீனியாகும் பச்சைப் பாசியை வளர்ப்பவர். மெலிந்த உடம்பு, நகங்களில் பச்சைக் கறை. பேசும்போதும் கையிலிருந்த கண்ணாடிக் குடுவையை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

மற்றப் பாசியையெல்லாம் பெருக்க வித்தாகும் தாய்ப்பாசி அந்த ஒரு குடுவையில்தான் மிச்சம். தண்ணீர் உள்ளே போய்விடும் என்று பயந்து, வழக்கமான பஞ்சுக்குப் பதிலாக ரப்பர் மூடியால் இறுக்கி, ஐந்து நாள் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். அது செத்திருந்தால் முதலாளி பொரிப்பகத்தையே மூடிவிடுவார் என்றார்.

“காற்றில்லாமல் பாசி வளருமா, அண்ணன்?”

“இருட்டுக்குள்ள, காத்தும் இல்லாட்டி எப்பிடி வளரும், சேர்? கொஞ்ச நாளைக்கு உசிர மட்டும் புடிச்சிக்கொண்டு கிடக்கும். வெளிச்சம் பட்டா வேண்டிய காத்த அதுவே உண்டாக்கும். அதுக்கு மறுகாதான் பெருகும்.”

“இது உயிரோடு இருக்கிறதா?”

“ஆருக்குத் தெரியும்? செத்திருந்தா என்னையும் சேதத்தில எழுதுங்க” என்று சிரித்தார்.

குடுவையைச் சன்னலில் வைத்தார். சேதப் படிவத்தில் பாசிக்குரிய வரியை நிரப்பாமல் விட்டு, வருகைப் புத்தகத்தில் என் தொலைபேசி எண்ணை எழுதிவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் மாலை ஐந்து நாற்பதுக்கு அழைத்தார்.

“சேர், பச்சை கூடிட்டு.”

“நல்லது. முதலாளிக்குச் சொல்லிவிட்டீர்களா?”

“இனித்தான்.”

பிறகு அவர் பேசவில்லை, வைக்கவும் இல்லை. அழைப்பு நான்கு நிமிடம் நீண்டது. பேசியது அரை நிமிடம்கூட இராது. மீதி நேரம் நான் ஏன் வைக்காமல் இருந்தேன் என்பதை இன்னும் எழுதத் தெரியவில்லை.