காணிக்கைக் கோழி கட்டவிழ்ந்தபோது

எண்பதுகளில் நாங்கள் ஓசூரில் லைன் வீட்டில் குடியிருந்தபோது நடந்தது இது. குழாயடிச் சண்டையில் எதிர் வீட்டு ஸ்டெல்லா அக்கா என் குடத்தைத் தூக்கி வீசிவிட்டார். ஒரே சபைக்குப் போனாலும், அதன் பிறகு அவரோடு நான் பேசவே இல்லை.

விளைந்ததிலும் வளர்த்ததிலும் ஒரு பங்கை ஆண்டவருக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகை சர்ச்சில் வந்தது. காணிக்கைக்கென்று வளர்த்த கோழியின் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கட்டு சரியில்லை போலிருக்கிறது. வாசல் தாண்டியதும் கோழி உதறிக்கொண்டு ரோட்டில் பாய்ந்தது. எதிரே கம்பெனி பஸ். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால், கோழி ஸ்டெல்லா அக்கா கையில் இருந்தது. சர்ச்சுக்குக் கட்டிய புதுப் புடவையெல்லாம் புழுதி.

“கொடத்த வீசுனது என் தப்புதாம்மா. இந்தா, புடி,” என்றார்.

அத்தனை நாள் வைராக்கியமும் எங்கே போனதோ தெரியவில்லை. “நீங்களும் ஒரு பக்கம் புடிங்கக்கா. நம்ம ரெண்டு பேரு காணிக்கையா இருக்கட்டும்,” என்றேன்.

சேர்ந்தே பீடத்தில் படைத்தோம். ஆராதனை முடிந்து, சபை நிதிக்காகக் காணிக்கைகளை ஏலம் விட்டபோது, சேர்ந்தே ஏலமும் கேட்டோம். எங்களை மிஞ்ச ஆளில்லை. கோழி ஜெயத்தோடு எங்கள் லைனுக்கே திரும்பியது.

இன்றும் பண்டிகைக்குக் கோழி கொடுக்கிறேன். கட்டை இறுக்கித்தான் போடுகிறேன். ஆனால் யாரோடாவது மனத்தாங்கல் என்றால், முதலில் அவர்கள் வீட்டுக் கதவை நானே போய்த் தட்டிவிடுகிறேன். கோழி ஓடும்வரை காத்திருப்பதில்லை.