பள்ளிக்கரணைக்குக் கோல்கீப்பர் பார்க்கப் போனது

லீக் ஆட்டங்கள் முடிந்து கோடை தொடங்கிவிட்டால் மற்ற கிளப்காரர்கள் பந்தைப் பரணில் போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். எனக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். கூட்டம் பார்க்கும்போது எல்லாப் பையனும் நன்றாகத்தான் ஆடுவான். கைதட்ட ஆளில்லாத வெயிலில், வெறும் பிராக்டீஸில், எவன் எப்படி ஓடுகிறான் என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்தவன் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அன்றைக்கு நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சூளைக்கு மாட்டுவண்டி ஓட்டினேன், பழைய இரும்பு வாங்கி விற்றேன். எண்பதுகளில் சொந்தமாக ஒரு இரும்புக் கடை, சொந்தமாக ஒரு கால்பந்து கிளப் என்று தாம்பரத்தில் நிமிர்ந்து நின்றேன். மாடு வாங்கும்போது காலைத் தடவிப் பார்ப்போம் இல்லையா, பையன்களையும் அப்படித்தான் பார்ப்பேன். குதிகாலுக்கு மேலே ஓடும் நரம்பை இரண்டு விரலால் பிடித்தால் போதும், அவன் எவ்வளவு எழும்புவான் என்று சொல்லிவிடுவேன். சர்டிபிகேட் வைத்திருந்த கோச்சுகள் சிரித்தார்கள். அவர்கள் டீம் எல்லாம் எங்களிடம் தோற்றது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. எங்கள் கோல்கீப்பர் வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பள்ளிக்கரணையில் ஒரு சின்னப் பையன் இருக்கிறான், பந்து அவனைத் தாண்டாது என்று கடைக்கு லோடு இறக்க வந்தவர் சொன்னார். மேடவாக்கம் வழியாக பஸ் பிடித்துத் தனியாகப் போனேன். இன்னொரு டீமின் பையனைக் கிளப்பிக்கொண்டு போக வருகிறவனைப் பிடித்தால் அடிப்பார்கள். நானே என் கிரவுண்டில் ஒருவனை அடித்துத் துரத்தியிருக்கிறேன்.

அந்த வாரம் பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அது மட்டும் எனக்குத் தெரியாது.

சதுப்பு நிலத்தின் ஓரம், தண்ணீர் வற்றிய திடல். வேலிகாத்தான் மரத்தடியில் மஞ்சள் பையோடு சில சாயங்காலங்கள் நின்று பார்த்தேன். கடைசி நாள் அந்தப் பையன் தண்ணீர் குடிக்க மரத்தடிக்கு வந்தான். பிஸ்கட் பாக்கெட் ஒன்று கொடுத்து, அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்து, உட்காரவைத்துக் காலைப் பிடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நரம்பை நான் அதுவரை தொட்டதில்லை.

"ஞாயித்துக்கெழம என் கூட தாம்பரம் வந்துடு. உங்க கோச்சாண்ட சொல்லாத. வூட்லயும் இப்ப சொல்ல வேணாம்" என்றேன்.

மரத்துக்குப் பின்னால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இதைக் கேட்டுவிட்டாள்.

"யோவ், புள்ள கால இன்னாத்துக்குய்யா புடிச்சிகினு கீற?" என்றவள், நான் பதில் சொல்வதற்குள் ஊர்ப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஓடியாங்கடா, புள்ள புடிக்கிறவன் மாட்டிகினான்."

எங்கிருந்து அத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியவில்லை. முதல் அறையில் காது அடைத்துப்போனது. சட்டை தோளோடு கிழிந்தது. தாம்பரத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை. பையைக் கொட்டினார்கள். மிச்சப் பிஸ்கட், கட்டுத் துணி, சுளுக்குக்குத் தடவும் தைலம். ஒருவன் பாட்டிலை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"மயக்க மருந்துடா."

"கட்றதுக்குத் துணி கூட எட்த்தாந்துகிறான் பாரேன்."

"அண்ணா, அது தைலம்ணா" என்றேன். என் வயதில் பாதிகூட இல்லாதவனை அண்ணா என்று கூப்பிட்டேன்.

"அப்ப நீயே மோந்து பாரு" என்று அவன் பாட்டிலை என் மூக்கில் வைத்து அழுத்தினான். ஏற்கெனவே பயத்தில் கால் தொய்ந்திருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்து, மண்டி போட்டு விழுந்தேன்.

"பாத்தியா, சொக்கிட்டான். மருந்துதான்."

கயிறு கொண்டு வர ஒருவன் ஓடினான். அவன் ஓடுவதைப் பார்த்தபோது இனி வீட்டைப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

அந்த டீமின் கோச் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். லாரி ஓட்டுகிறவன், கழுத்தில் விசில். குனிந்து என்னைப் பார்த்தான். ஃபுட்பால் பார்க்க வந்தவன் என்று அவனிடம் சொன்னேன்.

"ஃபுட்பால் ஆளுன்றியே, தெனம் நின்னு பாத்தியே, என் பசங்களப் பத்தி சொல்லு. உளறினன்னா நான் கெளம்பிடுவன். மிச்சத்த இவங்க பாத்துப்பாங்க."

பையன்கள் வரிசையாக நின்றார்கள். விரலை நீட்டி ஒவ்வொருவனாகக் காட்டினேன். நெட்டையன் தலையால் முட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறான் என்றேன். இடது ஓரம் ஆடுகிறவனுக்கு வலது கால் இருப்பதே ஞாபகமில்லை என்றேன். சிவப்பு டவுசர் பையன் இடது கணுக்காலில் அடிபட்டு மறைக்கிறான் என்றேன்.

கோச் அவனை உட்காரவைத்து சாக்ஸை இறக்கினான். கணுக்கால் பலாக்கொட்டை வைத்ததுபோல் வீங்கியிருந்தது.

"டீம்லேந்து தூக்கிடுவீங்கன்னு சொல்லல சார்" என்று பையன் அழுதான்.

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. கோச் கேட்டான்: "கோல்கீப்பர் எப்டி?"

நல்லா ஆடுகிறான் என்றால் எதற்கு வந்தேன் என்று தெரிந்துவிடும். சுமார் என்றால், பிறகு ஏன் அவன் காலைப் பிடித்தாய் என்பார்கள். பொய் சொல்லத்தான் நினைத்தேன். பயத்தில் பொய்கூட வரவில்லை.

"இந்தப் பக்கத்துலயே இவன் மாதிரி ஒர்த்தன் இல்ல."

"அவன இஸ்துகினு போகத்தான் வந்தியா?"

தலையாட்டினேன்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு அடியோட போயிருக்கும்ல" என்றான். பிறகு பையனிடம் திரும்பி, "இன்னாடா, இவரு கூட போறியா?" என்றான்.

பையன் என் கிழிந்த சட்டையையும் மண் ஒட்டிய முழங்காலையும் பார்த்தான். "இவரு கூடயா? வேணாம் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உதடு மட்டும்தான் சிரித்தது.

கோச் தன் மொபெட்டின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினான். பாதி வழியில், தெரு வளைவில், தடிகளோடு வேறு ஒரு கூட்டம். பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி மட்டும் அவர்களுக்குப் போயிருந்தது, மற்றது போகவில்லை. கோச்சின் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க மாமா. ஆட்டம் பாக்க வந்தாரு" என்றான் அவன்.

"மாமா சட்ட இன்னா இப்டி கீது?"

"வேலிகாத்தான் முள்ளு."

முகத்தை நெருங்கிப் பார்த்தான் ஒருவன். பிறகு தடியைத் தாழ்த்தி வழிவிட்டான்.

அந்தப் பையன் பிறகு லீக்கில் எங்களுக்கு எதிராகவே நின்று ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. என் கணக்கு தப்பவில்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் அதையெல்லாம் நினைக்கவில்லை. யார் ஏறினாலும் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண்ணின் மடியில் இருந்த குழந்தை சிரித்துக்கொண்டே என் விரலைப் பிடித்தது. விரலை மெதுவாக விடுவித்துக்கொண்டு, எழுந்துபோய்ப் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டேன். தாம்பரம் வரும்வரை உட்காரவில்லை.