கோடு வரைக்கும் காப்பி

என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு ஐந்து காப்பி. ஐந்தும் ஒன்றுபோல இருக்கக் கூடாது. விடிந்ததும் ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாஷனில் கெட்டியாக, சர்க்கரை கம்மியாக ஒன்று. பதினோரு மணிக்குப் புளியங்குடி மண்டியில் பால் விடாத கட்டங்காப்பி, அதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து. அவர் எலுமிச்சைக் கமிஷன் வியாபாரி. லாரியில் ஏற்ற லாயக்கில்லாத பழமெல்லாம் உங்கள் காப்பிக்குத்தான் போகிறது என்று கேலி பேசுவேன். நாலு மணிக்கு இரண்டாம் டிகாஷனில், பால் தூக்கலாக, இனிப்பாக ஒன்று. பொழுது சாய்ந்ததும் சுக்குக் காப்பி. படுக்கப் போகுமுன் கருப்பட்டிக் காப்பி.

எனக்கு இது கொஞ்சமும் பிடித்ததில்லை. ஒரு மனுஷனுக்கு ஒரு மாதிரிக் காப்பி போதாதா, அடுப்பும் நானும் ஓய்வதே இல்லையே என்று சண்டை போட்டிருக்கிறேன். "காலையில குடிக்கது கண்ணு முழிக்கதுக்கு. படுக்கப் போறப்பவும் அதையே குடுத்தா நான் எப்பட்டி தூங்க?" என்பார். முனகிக்கொண்டே கருப்பட்டியைத் தட்டப் போவேன்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் தென்காசியில் டயாலிசிஸ். குடிப்பது எல்லாம் சேர்த்து நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்று ஆஸ்பத்திரியில் என்னை உட்கார வைத்துச் சொன்னார்கள். ரசம், மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். மீறினால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும். கருப்பட்டி கூடவே கூடாது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தேன். காப்பிக்கு நூறு மில்லி மிஞ்சியது. ஐந்தில் ஒன்றுதான்.

எதை வைத்துக்கொள்வது என்று அவர் மூன்று நாள் யோசித்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவ்வளவு யோசிக்கவில்லை. விடியற்காலைக் காப்பியைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். நாலு மணிக் காப்பியைக் கேட்டார். "விடியக்காலம் எப்படியும் வந்துரும். நாலு மணிதான் வரவே மாட்டேங்கு" என்றார். மண்டிக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறவருக்கு மத்தியானத்துக்கு மேல் பொழுது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு கண்ணாடித் தம்ளரில் நூறு மில்லி அளந்து ஊற்றி, மகள் விட்டுப்போன நெயில் பாலிஷால் சிவப்புக் கோடு போட்டேன். இரண்டு வருஷம் அந்தக் கோடுதான் எங்கள் வீட்டில் சட்டம். தினமும் நாலு மணிக்குச் சண்டை.

"ஏட்டி, நுரையக் கழிச்சா காப்பி எங்க இருக்கு பாரு."

"நுரையும் காப்பிதான்."

"ஒங்க அப்பா வீட்டுச் சொத்தையா கேக்கேன்? ஒரு மடக்கு."

கொடுக்க மாட்டேன். என் காப்பியை நான் புறவாசலில் நின்று குடிப்பேன். வாசனை உள்ளே போகாமல் இருக்குமா? "ஒளிஞ்சு குடிக்காத. முன்னால வந்து குடி, நான் பாத்துக்கிட்டாவது இருக்கேன்" என்று கத்துவார். அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் எப்படிக் குடிப்பேன்?

சாரல் காலத்தில்தான் பெரும்பாடு. எங்கள் ஊர் மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்கு வண்டிகள் வரிசையாகப் போகும். ஊரே நனைந்து கிடக்கும். அவர் நாக்கு வறண்டு, ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் வருஷம் மகள் வந்திருந்தபோது அருவிக்குக் கூட்டிப் போனோம். அப்போது அவர் கழுத்தில் டயாலிசிஸ் குழாய் இருந்தது, அது நனையக் கூடாது. குடையைக் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தோம். குளித்து வந்தவர்கள் நடுங்கிக்கொண்டே சுக்குக் காப்பிக் கடையில் மொய்த்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், திடீரென்று குடையை மடக்கிவிட்டு அண்ணாந்து வாயைத் திறந்தார். "இதுவும் அளவுல சேருமாட்டி?" மகள் சிரித்துவிட்டாள். நான் குடையைப் பிடுங்கி விரித்தேன். நான் செய்தது சரிதான். ஆனாலும் அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது.

இந்த வருஷம் சாரல் ஓய்கிற சமயத்தில், மெஷினில் படுத்திருக்கும்போதே இரண்டு முறை ரத்த அழுத்தம் இறங்கி அவருக்கு நினைவு தப்பியது. "ஒரு வாரம் ரெஸ்ட் குடுத்துப் பாப்போம்" என்று டாக்டர் அவரிடம் சொன்னார். அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் வேறு சொன்னார். இதயம் தாங்காது, இனி மெஷினில் போட்டுப் பிரயோஜனம் இல்லை. "அவருக்கு என்ன பிடிக்குமோ குடுங்கம்மா. இனிமே எதையும் தடுக்காதீங்க. இப்போதைக்கு அவர்கிட்ட சொல்ல வேண்டாம்."

செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆன பிறகு என் கைக்கு மிஞ்சியது காப்பி போடுகிற வேலைதான். மறுநாள் விடிந்ததும் முதல் டிகாஷன் இறக்கி, அவருடைய பழைய டபரா தம்ளரில் தளும்ப ஊற்றிக் கொண்டுபோனேன்.

"என்னட்டி இது?"

"ஒடம்பு தேறுதாம். கொஞ்சம் கூடக் குடிக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

முகம் மலர்ந்து குடித்தார். கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துக் குடித்தார். அதைப் பார்த்து அந்தக் கொஞ்ச நேரம் என் பொய்யை நானே நம்பினேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். புத்தி இல்லை எனக்கு. பதினோரு மணிக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கட்டங்காப்பி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தார். நாலு மணிக்கும் டபரா தம்ளரில் தளும்பக் கொண்டுபோய், "இருட்டினதும் சுக்குக் காப்பி போடுதேன். படுக்கப் போறதுக்கு முன்னால குடிக்கக் கருப்பட்டியும் வாங்கியாச்சு" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர் கைய விரிச்சுட்டாரா?"

"சும்மா எதையாவது பேசாதீங்க."

"ரெண்டு வருசமா ஒரு மடக்குக்கு என்ன பாடு படுத்துன. ஒடம்பு தேறுதுன்னா நீ இன்னும்லா இறுக்கிப் பிடிப்ப."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. டாக்டர் சொல்ல வேண்டாம் என்றதை, காப்பியாகப் போட்டுப் போட்டு நானே சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. தம்ளரை என் பக்கம் தள்ளினார். "கோடு போட்ட தம்ளர்ல கொண்டா" என்றார். அடுக்களைக்குப் போய் ஊற்றினேன். கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை ஏறிவிட்டது. இனி என்ன என்று அப்படியே கொண்டுபோனேன். வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதிகமாக இருந்ததை மெதுவாக டபராவில் சாய்த்தார். கோடு தெரிந்த பிறகுதான் குடித்தார்.

"நாளைக்கும் அளந்தே கொண்டா."

எட்டு நாள் அளந்து கொடுத்தேன். ஒரு நாள்கூட அவர் ஒரு மடக்கு அதிகம் கேட்கவில்லை.