வேட்டியில் எழுந்த பெரியவர்

கல்யாணமான மூன்றாம் மாதம் என் மனைவியை ஏலக்காய் எடுக்கப் போடிமெட்டுக்கு மேலே கூட்டிப்போனேன். அடிவாரத்துச் சிலமலை ஊர்க்காரி, வெயிலில் வளர்ந்தவள். ஐந்து நாள் விடாத மழையும் அட்டைக்கடியும் கண்டதும், "காலையில பொதிமாட்டுக்காரரு இறங்கையில நானும் போறேன்" என்று மூட்டை கட்டிவிட்டாள். வேலை முடிய இன்னும் ஒரு மாதம் கிடந்தது. அவள் இல்லாத தோட்டத்துக் கொட்டகையை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை. சிரிக்க வைத்தால் இருப்பாள் என்று தோன்றியது.

மத்தியானமே இருட்டிக் கிடந்தது. காயப்போட்டிருந்த என் வேட்டியைக் கொட்டகைக்குள் வாசலுக்கு எதிரே திரையாக இழுத்துக் கட்டினேன். வாசலோரம் அரிக்கேன் விளக்கை வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன். இரண்டு விரலில் முயல் காது. கட்டைவிரலை விரித்ததும் நாய் வாயைத் திறந்தது. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அது போதும் எனக்கு. கையை விளக்குப் பக்கம் நகர்த்த, நிழல் பெருத்தது. வலக்கையைத் தொங்கவிட்டு, மேலே இடக்கையைக் கவிழ்த்து, "இந்தா பாரு புள்ள, யானை!" என்று கத்தினேன்.

பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த, கூட வேலைபார்க்கும் அக்கா, பல வருஷம் மலையில் பழகியவள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏப்பா, காட்டுல பேரைச் சொல்லலாமா? வந்து நிக்கும். பெரியவருன்னு சொல்லு!"

மலையேறும்போது இதே விதியை வழிநெடுக என் மனைவிக்குப் போதித்தவன் நான்தான்.

"சொன்னா வந்துருமாக்கும்?" என்று வீறாப்பாகத் தும்பிக்கையை இன்னொரு முறை ஆட்டினேன்.

வேட்டியை அடைத்துக்கொண்டு ஒரு மண்டை எழும்பியது. இரண்டு தந்தம். விசிறிபோலக் காது. புஸ்ஸென்று மூச்சு என் பிடரியில் பட்டது.

பிறகு நடந்தது அக்கா சொல்லித்தான் தெரியும். "பெரியவரே, மன்னிச்சிருங்க!" என்று அலறி, வேட்டியைப் பிடுங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு, மனைவியின் முதுகுக்குப் பின்னால் குந்திவிட்டேனாம்.

அவள் நிதானமாக எழுந்துபோய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாள். மழைக்கு ஒதுங்கத் தலையை நீட்டிய பொதிமாடு. பின்னாலேயே நனைந்துவந்த மாட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, என் மாட்டைக் கும்பிடுறீக? ஆத்தா, காலையில வெரசா கெளம்பணும்."

அவளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "நான் வரலண்ணே. இவரை ஒத்தையில விட்டுட்டுப் போனா ஆட்டைப் பாத்தே உசிரை விட்டுருவாரு."

மூட்டையை அவிழ்க்கச் சொன்னாள். சந்தோஷமாகத்தான் போனேன். விரல் நடுக்கம் நிற்காததால் முடிச்சை அக்காதான் அவிழ்த்தாள்.