கிரகணனின் நடை

கில்பர்ட் ஆறேகால் அடி உயரம். விவேக் நகரில் அவன் குடியிருக்கும் சந்தில் எல்லா வீட்டு நிலைப்படியும் அவன் நெற்றியை ஒரு முறையாவது பதம் பார்த்திருக்கிறது. பொம்மசந்திராவில் பிளாஸ்டிக் வாளி வார்க்கும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் வேலை. பள்ளிக்கூடத்தில் பாஸ்கெட்பால் ஆட இழுத்தார்கள், பந்து கைக்கு அடங்கவில்லை. போலீசில் சேரச் சொன்னார்கள், படிப்பு ஏறவில்லை. நாற்பது வயது வரைக்கும் அந்த உயரத்தால் அவன் செய்த ஒரே புண்ணியம், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஸ்டூல் இல்லாமல் பல்பு மாட்டிக் கொடுத்ததுதான். அதற்கப்புறம் சினிமா வந்தது. வராமலே இருந்திருக்கலாம், என்னைக் கேட்டால்.

கொண்டுவந்தவன் அவன் மனைவி டோரீனின் தம்பி க்ளென். சினிமா செட்டுகளில் தச்சு வேலை பார்ப்பவன். "மாமா, ஒசரமான ஆளு தேடறாங்க. மூஞ்சி தெரியாது, டயலாக் கெடையாது. நின்னாப் போதும்" என்றான். படத்தின் பெயர் 'ககனவீரா'. வானத்தில் பறக்கும் நாயகன், அவனை எதிர்க்க இரும்புக் கவசம் போட்ட கிரகணன் என்றொரு வில்லன். குரல் வேறொருவருடையது, முகமே கிடையாது. உள்ளே நின்ற உடம்பு மட்டும் கில்பர்ட்.

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் போனான். ஒரு நாள் உயரமான பலகையிலிருந்து குதிக்கச் சொன்னார்கள். குதித்தான். வலது முழங்காலுக்குள் டொக்கென்று ஒரு சத்தம். கவசத்துக்குள் அவன் போட்ட கூச்சல் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. கேட்கவேண்டாம் என்றுதான் அவனும் நினைத்தான். காலொடிந்தவனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், அனுப்பிவிடுவார்கள். மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். வலது காலை வைக்குமுன் ஒரு நொடி நிற்பான். தொடையில் கையை ஊன்றுவான். பிறகு காலை இழுத்து வைப்பான். மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்த டைரக்டர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டார். "ஆ நடிகெ பிடபேட குரு! பார்ட் டூலயும் நீனே!" என்று கன்னடத்தில் சொல்லி ஹெல்மெட்டைத் தட்டிக் கொடுத்தார். அந்த நடையை விட்டுவிடாதே, இரண்டாம் பாகத்திலும் நீதான். கில்பர்ட் அந்த வார்த்தையை அப்படியே மனதில் முடிந்துகொண்டான்.

படம் சக்கைப்போடு போட்டது. நாயகன் பறந்ததை விட்டுவிட்டு ஊரே கிரகணன் நடந்ததைப் பேசியது. ஆட்டோ ஸ்டாண்டிலும் ஆபீஸ் லிஃப்ட் வாசலிலும் தொடையில் கையை ஊன்றிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்து வீடியோ எடுத்துப் போட்டார்கள். கடைசிக் காட்சியில் கிரகணன் கல்குவாரித் தண்ணீரில் விழுந்து மறைகிறான். ஹெல்மெட் மட்டும் மிதக்கிறது. அங்கே படம் முடிகிறது, இங்கே பேச்சு தொடங்கியது.

வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலில் நொவேனா ஜெபம் முடிந்ததும் எதிர் பேக்கரியில் கூடுவார்கள். ஆட்டோ ஓட்டும் உமேஷுக்கு நொவேனா கிடையாது, பேக்கரி மட்டும். மொபைல் கடையில் வேலை பார்த்துக்கொண்டே சினிமா சேனல் நடத்தும் ரக்ஷா வருவாள். க்ளென் இருப்பான். நடுவில் டீயும் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்தும் கில்பர்ட்டும்.

"செத்துட்டான்னு எவன் சொன்னது? பாடிய காமிச்சானா? பாடிய காமிக்காத வரைக்கும் எவனும் சாகல குரு, அதான் ரூலு" என்பான் உமேஷ்.

"ஹெல்மெட்ல எடது கண்ணு லைட்டு ஒரு வாட்டி மினுக்குது. ஸ்லோல வெச்சுப் பாத்தேன். உயிரோடதான் இருக்கான்" என்பாள் ரக்ஷா.

"தண்ணியில விழுந்த பல்பு மினுக்காம என்னா பண்ணும்?" என்பான் க்ளென்.

"நீங்க பலகைக்கு ஆணி அடிக்கிற ஆளு, லைட்டப் பத்திப் பேசாதீங்க. இன்னொண்ணு கேளுங்க. கிரகணன் எப்பவும் எடது பக்கமாத்தான் கழுத்தத் திருப்பறான். ககனவீராவும் அப்படித்தான் திருப்பறான். ரெண்டு பேரும் அண்ணன் தம்பி! பார்ட் டூல அதான் ட்விஸ்ட்டு!" என்று அடுக்குவாள் ரக்ஷா.

ஹெல்மெட்டின் வலது கண் ஓட்டை முழுக்க மூச்சுக்காற்று படிந்து மங்கிப்போகும், அதனால்தான் இடது பக்கம் திரும்பினோம் என்று கில்பர்ட்டுக்குத் தெரியும். சொல்வானா? சொல்லமாட்டான். அண்ணன் தம்பி என்றால் கிரகணன் சாகமுடியாது. கிரகணன் பிழைத்தால் தனக்கு மறுபடி அழைப்பு வரும். அவன் செத்தால் தனக்குச் சாகும்வரை வாளிதான். அவர்களுக்குப் பொழுதுபோக்கு, இவன் ஒவ்வொரு வார்த்தையையும் டாக்டர் வாயைப் பார்க்கும் நோயாளி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

நிஜ டாக்டர் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சவ்வு கிழிந்திருக்கிறது, இப்போதே ஆபரேஷன் செய்தால் பழையபடி நடக்கலாம், தள்ளிப்போட்டால் எலும்போடு எலும்பு தேயும் என்று படம் போட்டுக் காட்டினார். செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். டோரீன் கையெழுத்துப் போடாத குறைதான். அவன் மாட்டேன் என்றுவிட்டான்.

ஒரு வியாழக்கிழமை கோயில் வாசல் கடையில் டோரீன் மெழுகில் செய்த கால் ஒன்று வாங்கினாள். காணிக்கையாக வைத்து வேண்டிக்கொள்வார்கள். கை வலிக்குக் கை, கால் வலிக்குக் கால்.

"என்னாத்துக்கு இது?" என்றான் கில்பர்ட்.

"காலுக்குத்தான். பின்ன மூக்குக்கா?"

"வேணாம் டோரீன். சரியாகணும்னு இப்ப வேண்டாத. ஷூட்டிங் முடியட்டும்."

டோரீன் மெழுகுக் காலை அவன் முன் நீட்டினாள். "நல்ல காலக் குடுன்னு ஆண்டவர் கிட்ட கேக்கக்கூடாதுன்னு சொல்ற மொத ஆளு நீங்கதாங்க. கேட்டா சிரிப்பாங்க."

"கால் சரியாயிட்டா நட போயிடும். நட போயிட்டா என்ன யாரு கூப்புடுவா? அந்த நட வேற எவனுக்கும் வராது. டைரக்டரே சொல்லிட்டாரு."

அவள் வாதாடவில்லை. மெழுகுக் காலைக் கொண்டுபோய் அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்தாள். அதற்கப்புறம் கோயிலில் முட்டி போட்டு, சீக்கிரம் அந்தப் படத்தை ஆரம்பிக்க வை இயேசுவே என்று வேண்டினாள். புருஷன் கால் குணமாக அவளுக்கு வேறு வழி தெரியவில்லை, பாவம்.

ஆண்டவர் கேட்டாரோ என்னவோ, ஒரு நாள் படக்கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு ஆபீசுக்கு வரச்சொன்னார்கள். செட்டும் இல்லை, கவசமும் இல்லை. ஒட்டினாற்போல ஒரு கறுப்பு உடுப்பு, அதில் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள். காலிக் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார்கள். சுற்றிலும் கேமராக்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் "இன்னும் கொஞ்சம் நிதானமா, சார்" என்று மரியாதையாகக் கேட்டாள். நடை கெடக்கூடாது என்று அன்றைக்கு வலி மாத்திரைகூடப் போடாமல் போயிருந்தான், மடையன்! கண்ணில் தண்ணீர் முட்ட முட்ட நடந்தான். "பர்ஃபெக்ட்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பேக்கரியில் அன்று திருவிழா. "ட்ரயல் பாத்திருக்காங்கண்ணா! புது கவசத்துக்கு அளவு!" என்று உமேஷ் அடித்துச் சொன்னான். க்ளென் மட்டும் "பொட்டு வெச்ச சட்டயா?" என்று ஏதோ கேட்க வாயெடுத்தான். அக்கா புருஷன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவன் பார்த்ததே இல்லை. டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டான்.

ஷூட்டிங்குக்கு அழைப்பு வரவில்லை. மாதங்கள் ஓடின. கம்பெனியில் நிற்க முடியாமல் அவனை மெஷினிலிருந்து எடுத்து, வாளிக்குக் கைப்பிடி மாட்டும் இடத்தில் உட்காரவைத்தார்கள். டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, தேய்ந்தது தேய்ந்ததுதான், இனி சவ்வைத் தைத்துப் பயனில்லை, கொஞ்ச வருஷம் கழித்து முழங்கால் மூட்டையே மாற்றவேண்டும், அப்போதும் பழைய நடை வராது என்றார். அதைக் கேட்டு டோரீன் ஆட்டோவில் வழியெல்லாம் அழுதாள். இவனோ வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

டிரெய்லர் வந்தது. அதில் கிரகணன் ஓரிரு அடி நடந்தான். ஷூட்டிங்குக்கே போகாத கில்பர்ட் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். பேக்கரிக்காரர்கள் அசருவார்களா? "அது மொத பார்ட்ல மீந்த ஷாட்டுண்ணா" என்றான் உமேஷ். ரக்ஷா இன்னும் ஒரு படி மேலே போனாள். "அண்ணா எப்பவோ நடிச்சு முடிச்சிட்டாரு. வெளிய சொல்லக்கூடாதுன்னு அக்ரிமென்ட் போட்டிருப்பாங்க. இல்லண்ணா? சொல்லாதீங்க, சொல்லாதீங்க! மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." கில்பர்ட் இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். சிரித்தான். அந்த ஒரு சிரிப்பு போதும், ரக்ஷாவின் சேனல் அன்று சாயங்காலமே அதை ஊருக்குச் சொல்லிவிட்டது.

படம் வந்த அன்று உமேஷ் ஆளுக்கொரு டிக்கெட் எடுத்துவிட்டான், டோரீனுக்கும் சேர்த்து. தியேட்டர் வாசலில் கில்பர்ட்டுக்கு மாலை. தெரியாதவர்களெல்லாம் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். டோரீன் கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். ஒருவேளை ஏதாவது பழைய ஷாட்டாவது இருக்கும், ஒரு ஓரத்திலாவது நானிருப்பேன் என்று அவன் இன்னும் நம்பிக்கொண்டிருந்தான்.

இடைவேளைக்குச் சற்று முன் குவாரித் தண்ணீர் கொதித்தது. கிரகணன் எழுந்து வந்தான். தியேட்டர் மொத்தமும் எழுந்து நின்றது. உமேஷ் காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டு "கில்பர்ட்ணா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். திரையில் கிரகணன் எரியும் பாலத்தின் மேல், தொடையில் கையை ஊன்றி, ஒரு நொடி நின்று, வலது காலை இழுத்து வைத்து நடந்துகொண்டே இருந்தான். கழுத்தை இடது பக்கம் திருப்பினான். அத்தனையும் கில்பர்ட்டினுடையது. அந்தப் பாலத்தில் அவன் ஒருநாளும் நின்றதில்லை. வெள்ளைப் பொட்டுகள் வைத்த கறுப்பு உடுப்பு அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அளவெடுக்கக் கூப்பிடவில்லை. நடையைக் கம்ப்யூட்டருக்குள் எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டிருக்கிறார்கள். க்ளென் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டோரீன் மட்டும் கைதட்டவில்லை. வீட்டில் படுக்கையிலிருந்து பாத்ரூமுக்கும் பாத்ரூமிலிருந்து படுக்கைக்கும் அந்த நடையை தினமும் பார்த்தவள். அவன் காதருகே குனிந்தாள்.

"அது நீங்க இல்ல."

அவன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"உங்க நடதான். ஆனா அவனுக்கு வலிக்கலங்க" என்றாள். சொல்லிவிட்டு இருட்டில் அவன் முழங்காலின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சுற்றி நின்றவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து முதுகில் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் மூன்றாம் பாகத்துப் பேச்சு தொடங்கிவிட்டது. கிரகணன் மறுபடி விழுந்திருக்கிறான், மறுபடி யாரும் பிணத்தைக் காட்டவில்லை. "பார்ட் த்ரீல அண்ணன் தம்பி சேந்துடுவாங்க, எழுதி வெச்சுக்கோ" என்றான் உமேஷ். ரக்ஷா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணா, ஒரே ஒரு வாட்டி நடந்து காமிங்கண்ணா. சேனலுக்கு. டிக்கெட் கவுண்டர்லேருந்து இங்க வரைக்கும், போதும்."

"வேணாம், வாங்க போலாம்" என்று டோரீன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நான் இல்லை அது என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கூட்டம் வட்டமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றது. எல்லோர் கையிலும் போன். கில்பர்ட் மாலையைக் கழற்றி டோரீனிடம் கொடுத்துவிட்டு நடந்தான். தொடையில் கையை ஊன்றி, நின்று, இழுத்து, மறுபடி ஊன்றி. பாதி வழியில் முழங்கால் மடங்கித் தூணைப் பிடித்துக்கொண்டான். பிறகு மீதி வழியையும் நடந்து முடித்தான். விசில் பறந்தது.

ரக்ஷா எடுத்ததை ஓட்டிப் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள்.

"சூப்பர்ணா. ஆனா படத்துல இன்னும் கொஞ்சம் கெத்தா இருந்துச்சு. இன்னொரு டேக் போலாமா?"

டோரீன் மாலையோடு அப்படியே நின்றாள். கில்பர்ட் திரும்பி, மறுபடியும் டிக்கெட் கவுண்டர் பக்கம் நடந்தான்.