பச்சைச் சைக்கிளும் கழற்றிய சாமான்களும்

அந்தச் சைக்கிளைக் கண்டுபிடித்தவன் நான்தான். இதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலமும் ஒன்று உண்டு. மொத்தம் அரை நாள்.

தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்த எனக்கு மன்னார் என்றால் அப்பாவின் பச்சைச் சைக்கிள். வளைந்த கைப்பிடியும் கியரும் வைத்து, தூரப் பயணத்துக்கென்றே செய்த சீமைச் சைக்கிள். கலியாணத்துக்கு முன்னர் அதில் அவர் திருகோணமலை வரை போய்வந்தாராம். படகேறிய நாளில் மனிதருக்கே இடம் போதாமல், அதைக் கடற்கரைப் பனையொன்றில் சாத்திவிட்டு வந்தாராம். சீற்றுக்குக் கீழே சட்டத்தில் அரத்தால் ஒரு சிறிய சிலுவை கீறியிருந்தாராம். ஊருக்குப் போனதும் செயின், பெடல், பிறேக் கட்டை எல்லாம் மாற்றிப் புதிதாக்குவது என்று அவரும் நானும் பாயில் படுத்தபடி திட்டம் போடுவோம். சைக்கிள் இல்லாதவர்களுக்குத் திட்டத்துக்கா பஞ்சம்?

ஊர் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. வந்த மூன்றாம் ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் ஒரு பச்சைச் சைக்கிள். குனிந்து பார்த்தேன். சிலுவை இருந்தது. அதை எடுக்க வந்தவர் பக்கத்து ஒழுங்கையில் குடியிருந்த மாமி. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர். விடியற்காலையில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு, பாலம் கடந்து தொலைவில் இருக்கிற நறுவிலிக்குளம் ஊர் வரை மிதித்து, விற்று, மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர்.

"திருடி! எங்க அப்பா சைக்கிளைத் திருடிட்டா!" என்று முகாம் தமிழில் கத்தினேன். விளங்காதவர் ஒருவரும் இல்லை. கோயில் முற்றத்துச் சனம் முழுக்கத் திரும்பியது. மாமி சீற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் அவரே சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கரியரில் ஒரு பிஸ்கட் டின்.

"கரையில உப்புக்காத்தில கிடந்து துருப்பிடிச்சுப் போச்சுது அண்ணை. ஆரின்ர எண்டு தெரியாது, பிழைப்புக்கு எடுத்தனான். தேஞ்சதுகளை ஒவ்வொண்டா மாத்தினனான். கழட்டினது ஒண்டையும் எறியேல்லை. ஆக்கள் வந்து கேட்டால் காட்டவேணுமெல்லே?"

டின்னுக்குள் நெளிந்த பெடல், அறுந்த செயின், நகம்போல் தேய்ந்த பிறேக் கட்டைகள், எண்ணெய்த் துணியில் சுற்றிய போல்ஸ் குண்டுகள். போனவர்கள் இனித் திரும்பமாட்டார்கள் என்று ஊரே முடிவு கட்டிய காலத்தில், உதவாத இரும்பை எங்களுக்காகச் சேர்த்து வைத்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் திருடி என்றேன்.

"ஐயோ தங்கச்சி, நீங்களே வைச்சு ஓடுங்கோ" என்றார் அப்பா. கையெடுத்துக் கும்பிடாத குறை.

"இனி எப்பிடி அண்ணை? ஊர் கேட்டிட்டுது. நான் ஏறி மிதிச்சால் கள்ளச் சைக்கிள் எண்டுதானே சொல்லுவினம்?"

சைக்கிளை முற்றத்தில் விட்டுவிட்டு மாமி நடந்து போனார்.

மறுநாள் அப்பா சைக்கிளைக் கழற்றினார். நான் ஸ்பானரோடு பக்கத்தில் குந்தியிருந்தேன். மாற்ற ஒன்றுமே இருக்கவில்லை. முகாமில் நாங்கள் போட்ட திட்டம் முழுவதையும் மாமி செய்து முடித்திருந்தார். கிறீஸ்கூடப் புதிது. எனக்குப் பெரிய ஏமாற்றம். அப்பா எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். பூட்டி முடித்த பிறகு, வருகிற ஞாயிறு நான் கத்திய அதே இடத்தில் நின்று மாமியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்.

ஞாயிறு வந்தது. வேப்பமரத்தடியில் நின்றேன். மன்னிப்புக் கேட்காமல் காலால் வேப்பங்கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தேன். நடந்து வந்த மாமி என் தலையைத் தடவினார்.

"உன்ர அப்பாட்ட சொல்லு தம்பி, பின் பிறேக் மழைக்குப் பிடிக்காது, பாலத்தில கவனம் எண்டு."

அவ்வளவுதான். மாமிக்குக் கோபமில்லையாக்கும் என்று நினைத்தேன். விட்டது தொல்லை என்று பந்தடிக்க ஓடினேன். தலையில் மீன்பெட்டியோடு நறுவிலிக்குளம் வரைக்கும் ஒருவரால் நடந்து போகமுடியாது என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை.