பதினெட்டாம் நாள் சூடு

என் கைப்பையில் ஒரு டார்ச் கிடக்கிறது. விரல் நீளம்தான், முனையில் ரப்பர் வளையம். அண்ணனின் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் முட்டைக்குள் உயிர் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிற டார்ச். இருட்டறையில் முட்டையின் பருத்த முனையில் அதை வைத்தால் ஓடு சிவந்து, உள்ளே நரம்பு ஓடுவது தெரியும். வெறும் முட்டை என்றால் வெளிச்சம் தடையில்லாமல் மஞ்சளாக நிற்கும். மூன்று மாதத்துக்கு முன், மூளையில் ரத்தம் கசிந்து அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டரும் இதே அளவு டார்ச்சைத்தான் அவர் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். நான் கேட்கத் துடித்தது ஒன்றே ஒன்று. உள்ளே என் அண்ணன் இருக்கிறாரா? டாக்டர், "பார்க்கலாம்" என்றார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இன்றுவரை உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் எருமப்பட்டிப் பக்கம் வீட்டை ஒட்டியே சின்னதாக ஹேச்சரி நடத்தினார். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை போனால், இலை போடும் முன்பே எங்களுக்குள் வழக்கு ஆரம்பித்துவிடும். உலகத்தில் எல்லாமே ஒழுங்கு கெட்டுச் சிதறத்தான் போகிறது, உயிர் வந்தது ஒரு தற்செயல், அறிவு வந்தது அதைவிடப் பெரிய தற்செயல் என்று வகுப்பறைக் குரலில் சொல்வேன். அவருக்குச் சிரிப்பு வரும்.

"அப்படின்னா தெனமும் எம்பட மிஷினுக்குள்ள நடக்கறது என்ன அம்மிணி? சூடு வாரதுக்கு ஒரு வழி, போறதுக்கு ஒரு வழி. ரெண்டும் இருந்தாப் போதும், முட்ட சும்மா கெடக்காது."

முட்டைக்குள் கோழிக்கான குறிப்பு முன்பே எழுதியிருக்கிறது, கூழாங்கல்லை வைத்தால் பொரியுமா என்று மடக்குவேன். "மொதக் கோழிக்கு அந்தக் குறிப்ப ஆரு எழுதிக் குடுத்தா?" என்பார். எனக்குப் பதில் தெரியும். அது அவர் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கும். சூரியனின் சூடு பூமிமேல் விழுந்து, பிறகு வானத்துக்கே வெளியேறுகிறது. அந்தப் போக்குவரத்தில் வெறும் மண்ணும் நீரும் தம்மைத் தாமே அடுக்கிக்கொண்டிருக்கலாம், அந்த அடுக்குதான் வளர்ந்து வளர்ந்து யோசிக்கவும் தொடங்கியிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பத்தாவது படித்த அண்ணனிடம் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. படித்த திமிர், வேறென்ன.

போன வருஷம் அண்ணனும் அண்ணியும் ஆத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். வேலையாட்கள் ஊர்க் கெடாவெட்டுக்குப் போயிருந்தார்கள். பள்ளி விடுமுறை என்பதால் நான்தான் காவல். உச்சி வெயிலில் கரண்ட் போனது, ஜெனரேட்டர் முக்கிவிட்டு நின்றது. அண்ணனுக்குப் போன் அடித்தேன். கொட்டுமேளத்தில் அவர் காதில் விழவில்லை. முட்டை குளிர்ந்துவிடும் என்று பயந்து மிஷின் கதவுகளை இறுக மூடினேன். இடுக்கில் சாக்கைக்கூடத் திணித்தேன். மெக்கானிக் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

உள்ளே இருந்தவை பதினெட்டு நாள் முட்டைகள். அந்த வயதில் முட்டைக்குச் சூடு கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே வளர்ந்த குஞ்சே சூட்டைக் கக்கும். அதை வெளியே எடுப்பதுதான் மிஷினின் வேலை. ஓர் இடத்தில் ஒழுங்கு நிலைக்க வேண்டுமானால் அங்கிருந்து சூடு வெளியேறியே ஆகவேண்டும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். எழுதிய கையாலேயே கதவை மூடினேன்.

அண்ணன் திரும்பி வந்ததும் ஒரு முட்டையை எடுத்து, தன் மூடிய கண்ணிமைமேல் வைத்துப் பார்த்தார். சூடு பார்க்க அவருக்கு எப்போதும் கண்ணிமைதான். திட்டவில்லை. "சூட்ட வெளிய உட்டாத்தான் அம்மிணி உசுரு உள்ள நிக்கும்" என்றார். குஞ்சு பொரியவேண்டிய மூன்றாம் நாள் தட்டுகளை இழுத்தபோது அந்த அறையில் கீச்சென்று ஒரு சத்தம் இல்லை.

இப்போது அவர் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது, யாரையும் பார்ப்பதில்லை. மண்ணிலிருந்து அறிவு வர இயற்கை ஒருமுறை வழிவிட்டதென்றால், இந்த ஒரு தலைக்குள் மறுபடி வரக்கூடாதா என்று பைத்தியம்போல மனதுக்குள் வழக்காடுகிறேன். அவர் கட்சிக்கு முழுசாக மாறிவிட்டேன், கேட்கத்தான் ஆளில்லை. மாறியும் பயனில்லை. இயற்கையின் விதி உயிருக்குச் சாதகமாக இருக்கலாம், அறிவுக்கும் சாதகமாக இருக்கலாம். என் அண்ணனுக்குச் சாதகமாக இருக்கவேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது, குளிர் தாக்கிவிடும் என்று அண்ணி ஜன்னலெல்லாம் சாத்தி, கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தார். குனிந்து, அண்ணனின் உள்ளங்கையை எடுத்து என் கண்ணிமைமேல் வைத்தேன். கொதித்தது. கம்பளியை இழுத்து எறிந்துவிட்டு ஓடிப்போய் இரண்டு ஜன்னலையும் திறந்தேன்.

"காத்துப் பட்டா சளி புடிச்சுக்குமுங்க" என்று அண்ணி பதறினார்.

"சூடு வெளிய போகட்டும் அண்ணி" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

சற்று நேரத்தில் அண்ணனின் நெற்றி வேர்வை ஆறியது. கண் மட்டும் ஜன்னல் பக்கமும் திரும்பவில்லை, என் பக்கமும் திரும்பவில்லை. பையிலிருந்து டார்ச்சை எடுத்து, விசையில் கட்டைவிரலை வைத்தபடி அந்தக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். பிறகு அழுத்தாமலே திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெறும் முட்டை என்று தெரிந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?